கொட்டாவி விடும் இடம்

அவருக்கு எந்தப் பாட்டையும் அதன் சொந்த வார்த்தைகளோடு கேட்கத் தெரியாது. பஸ்ஸில், டீக்கடையில், கோவில் குழாயில் எங்கே எந்த மெட்டு காதில் விழுந்தாலும் முதல் வரி முடிவதற்குள் அவர் உதடு அசையத் தொடங்கிவிடும். இரண்டாவது வரியில் கண்டக்டரின் தொப்பையோ, டீக்கடைக்காரரின் தண்ணிப் பாலோ பாட்டுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். விடிகாலையில் மாரியம்மன் கோவிலில் பக்திப் பாட்டுப் போட்டால் அவர் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். சாமி கும்பிட முடியாது. அம்மனை வர்ணிக்கிற மெட்டில் பூசாரியின் கிளம்பாத பைக்கை அவர் வர்ணித்துக்கொண்டிருப்பார். பூசாரியே ஒருநாள் தீபத் தட்டோடு சிரித்துவிட்டு, "அக்கட்டால போயிருங்க சாமி, எனக்குப் பாவம் சேருது" என்று கும்பிட்டார்.

உடுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அமராவதி வாய்க்கால், அதை ஒட்டித் தென்னந்தோப்புகள், தோப்பு முடிகிற இடத்தில் கொப்பரைக் களம். அப்பா அந்தக் களத்தில் தேங்காய் உரிக்கிறார். களத்துக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் வரிசையாக இருக்கும். எங்கள் வீட்டுக்கு அடுத்தது அவருடையது. மனைவி காலமாகி, மகளைக் கொடுமுடியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஊருக்கு அவர் ரேடியோக்காரர். ஒரு பழைய ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய், உள்ளே மைக். காதுகுத்து, சீர், எழவு எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவது அவர்தான். தேர்தல் வந்தால் பாட்டும் கட்டுவார்.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அம்மா அவருக்கு ஒரு கிண்ணத்தில் ரசம் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் எங்கள் டிவியில் கதாநாயகன் மழையில் நனைந்து உருகிக்கொண்டிருந்தான். அதே மெட்டில், அதே உருக்கத்தோடு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"புளியைக் காட்டிக் கரைத்தாயோ – இல்லை
புளியமரத்தைக் காட்டி நிறைத்தாயோ…"

அம்மா கரண்டியோடு வெளியே ஓடினாள். "அட கெரகமே! நாளைலிருந்து உங்களுக்கு ரசம் கெடையாதுங்ணா!"

"அம்மணி, நாளைக்காச்சும் மரத்துல இருந்து ஒரு காயப் பறிச்சுப் போடு."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். களத்தில் இடுப்பொடிந்து வந்த அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் நான். அந்தப் பெருமையும் பயமும் சேர்ந்து என் முகத்தை எந்நேரமும் பரீட்சை எழுதுகிறவன் முகமாகவே வைத்திருந்தன. அதுதான் அவருக்கு என்னிடம் பிடித்தது. எந்தப் பாட்டைக் கட்டினாலும் முதலில் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துப் பாடிக் காட்டுவார்.

"ஊருல நாய்கூடச் சிரிச்சுப்போடும், நீ சிரிக்க மாட்டே. உன்ற மூஞ்சிதான் கண்ணு எனக்கு மீட்டரு. அது ஆடுச்சுன்னா பாட்டு ஹிட்டு."

அவர் பாட்டை எழுதிவைக்க மாட்டார். எல்லாம் வாயில்தான். எப்படிக் கட்டுகிறீர்கள் என்று ஒருமுறை பாடம் கேட்பதுபோலக் கேட்டேன். மீட்டர் கேள்வி கேட்டது அவருக்குச் சந்தோஷம்.

"மொதல்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டா இருக்கோணும். ஏற்கெனவே ஊரு வாயில இருக்கிற மெட்டு. வார்த்தைய மட்டும் மாத்தி உள்ள வெச்சுப்போட்டு வந்துரோணும். அப்புறம் நாம பாட வேண்டியதில்ல, அவங்களே பாடிக்குவாங்க. ரெண்டாவது, ஆளத் திட்டறதுக்குக் குத்துப்பாட்டு எடுக்கக் கூடாது. குத்துப்பாட்டுல திட்டினா சண்டை வரும். சோகப் பாட்டு, சாமி பாட்டு, தாலாட்டு… இதுல திட்டிப் பாரு. சண்டைக்கு வாரவனும் சிரிச்சுப்போடுவான்."

"திட்டு வாங்கறவருக்கு வெசனமா இருக்காதுங்களா?"

"அழ வெச்சாத்தான் பாவம். சிரிக்க வெச்சா என்னடா பாவம்?"

அப்படித்தான் ஊரும் நினைத்தது. அவர் பாட்டால் தோற்றுப்போன முன்னாள் தலைவரே பேரனின் காதுகுத்துக்கு அவரைக் குழாய் கட்டக் கூப்பிட்டு, "என்ற பாட்டைப் போடுங்க, ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் கேக்கட்டும்" என்று பந்தியில் சொன்னார். ஒரே தேர்தலில் காலையில் ஒருவருக்கும் மாலையில் எதிராளிக்கும் பாட்டுக் கட்டிய ஆண்டும் உண்டு. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எனக்கு மட்டும் ஒரு நாள் அவரைப் பார்த்துப் பயமாக இருந்தது. களத்துக்காரர் வீட்டில் எழவு. இவர் குழாய் கட்டியிருந்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். திடீரென்று இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோப்புக்குள் போனார். அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

"வாய் அடங்க மாட்டேங்குது கண்ணு. அவங்க இழுக்கிற மெட்டுக்கு செத்தவரோட கஞ்சத்தனம் வந்து வந்து உக்காருது. நானாக் கூப்பிடல. தானா வருது." அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அது சிரிப்பில் வந்ததா வேறெதிலா என்று எனக்குத் தெரியவில்லை. சாவு வீட்டு முன்னால் சிரித்துவிடுவோமோ என்று அன்று அவர் அடக்கம் முடியும்வரை தோப்பிலேயே நின்றார்.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதே இல்லை. தெருக்காரர்கள் சேர்ந்து புண்ணாக்குக் கடைக்காரரைத் தலைவருக்கு நிற்க வைத்தார்கள். யாரோடும் சத்தமாகப் பேசாத மனிதர். மாட்டுக்குத் தீவனம் வாங்க வருகிறவர்களிடம் மாட்டின் உடம்பைக்கூட "நல்லாருக்குதுங்களா" என்று விசாரிப்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சில நாள் ராத்திரி வீட்டில் படுக்காமல் பஸ் ஸ்டாப்பின் சிமெண்டு பெஞ்சில் படுத்திருப்பார். கேட்டால், "காத்து நல்லா வருதுங்க" என்பார். மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே விடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஊர் அதைத் தனக்குள் வைத்துச் சிரித்துக்கொண்டது. ஒதுக்கப்பட்ட சின்னங்களில் அவருக்கு வந்து சேர்ந்தது பூட்டு சாவி.

எதிர்த்து நின்றவர் ரேடியோக்காரரைப் பிடித்துக்கொண்டார். அன்று பொழுதோட ரேடியோக்காரர் என்னைக் கூப்பிட்டார். "மீட்டரு, இங்க வா."

அவர் எடுத்திருந்தது ஒரு பழைய சினிமாத் தாலாட்டு. எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தூங்கியிருப்பார்கள். பெண் குரலை வரவழைத்துக்கொண்டு, இல்லாத தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினார்:

"ஆராரோ ஆரிரரோ
ஊட்டுச் சாவி ஆருகிட்டயோ
பஸ் ஸ்டாப்பு மெத்தையில
பள்ளிகொண்ட தலைவரோ
சொந்தக் கதவு தொறக்காதவர்
ஊருக் கதவு தொறப்பாரோ…"

கடைசி வரி முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடத்தில் வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. அவர் எழுந்து என் முதுகில் தட்டினார். "ஆடிப்போச்சு மீட்டரு! ஊரே காலி!"

ஊர் காலியானது. ஆட்டோ ஒரு நாள் சுற்றியதும் பாட்டு போன்களுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கொட்டாவி விட்டுக்கொண்டே போனார்கள். புண்ணாக்குக் கடைக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும் சிரித்தார், கும்பிட்டார், தோற்றார்.

தேர்தல் முடிந்து சில வாரங்கள் கழித்துப் புண்ணாக்குக் கடைக்காரர் ரேடியோக்காரர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அங்கே ரேடியோக்காரரின் போனில் ஏதோ சரிசெய்துகொண்டிருந்தேன். வந்தவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கொடுமுடி மகளை விசாரித்தார். வாய்க்காலில் தண்ணீர் விட்டதைப் பேசினார். என் படிப்பைக் கேட்டார். "அப்ப நான் வாரனுங்க" என்று எழுந்தார். எங்கள் பக்கத்து மனிதர்கள் சொல்ல வந்ததை உட்கார்ந்து சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுதான் சொன்னார்.

"பாட்டு நல்லாருந்துச்சுங்க. நானே சிரிச்சுப்போட்டேன்னு வெச்சுக்குங்க."

"அட, எலக்சன்ல அதெல்லாம் சகஜந்தானுங்க" என்றார் ரேடியோக்காரர்.

"சகஜந்தானுங்க. தோத்தது ஒண்ணும் வெசனமில்லைங்க. ஒண்ணு மட்டும் சொல்லோணும்னு… எங்க பையன் காய்ச்சல்ல போனானில்லைங்க, அதுக்கப்புறம் ஊட்டுல அம்மணிக்குச் சில நாளைக்கு ஒரு மாதிரி ஆயிருமுங்க. பொழுது சாஞ்சா உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்குவா. ஆராச்சும் வந்து பையன எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு. தட்டினா பயந்துக்குவா. அதனால நான் தட்டறதில்லைங்க. பஸ் ஸ்டாப்புல காத்தும் வருமுங்க."

வந்தவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்த ஒரு வருசமாத் தேறிட்டிருந்தாங்க. தண்ணி எடுக்க அடுத்த தெருக் குழாய்க்கு அவளே வர ஆரம்பிச்சா. நாலு பொம்பளைங்களோட பேசினா. இப்ப வெளிய வந்தாப் பசங்க பாடறாங்க. அந்த மெட்டு வேற… அவ பையனத் தூங்க வெக்கப் பாடறது அதுதானுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும், உங்க தப்பில்லைங்க. பசங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாக் கேட்டுக்குவாங்க. நான் சொன்னாக் கொட்டாவி உடறாங்க." இதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். "வாரனுங்க, தம்பி."

அவர் போனபிறகும் ரேடியோக்காரர் வாசலிலேயே நின்றார். அன்றைக்கே பிள்ளைகளைத் தேடிப் போனார். பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம், "சாமிகளா, அந்தப் பாட்டு வேண்டாமுடா. விட்டுருங்க" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு அவரைக் கண்டதே நோம்பிக் கொண்டாட்டம். "டேய், பாட்டுக்காரரே வந்துட்டார்ரா!" என்று சுற்றிச் சூழ்ந்துகொண்டு அவருக்கே முழுப்பாட்டையும் பாடிக் காட்டினார்கள். கடைசிக் கொட்டாவியை எல்லோரும் சேர்ந்து விட்டார்கள். "நீங்க ஒருக்கா உடுங்ணா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"செவுத்துல ஒரு கட்சிச் சின்னம் இருந்தா என்ன பண்றாங்க? சுண்ணாம்பு அடிச்சு மேல வேற எழுதறாங்கல்ல? அதாட்டதான் கண்ணு. அதே மெட்டுல நல்ல வார்த்தை வெச்சு ஊரு முச்சூடும் போட்டா, பழசு அடியில போயிரும். கேளு."

அன்று அவர் பெண் குரலில் பாடவில்லை. அவருடைய சொந்தக் குரலை நான் கேட்டது அன்றுதான். கரகரப்பான, கூச்சப்படுகிற குரல்.

"ஆராரோ ஆரிரரோ
அசந்து தூங்கும் ஊடு இதோ
கதவை மெல்லச் சாத்தித் தாயி
கண்ணுறங்கச் சொன்னாளோ
தூக்கம் கெடக் கூடாதுன்னு
வாசல் காத்தது ஆராரோ…"

நல்ல வார்த்தைகள். அவர் கட்டியதிலேயே நல்லவை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கடைசி வரி முடிந்ததும் அந்த இடைவெளி வந்தது, கொட்டாவி விடும் இடம். அவர் அங்கே சும்மா இருந்தார். என் தாடை தானாகக் கீழே இறங்கியது. வாயை இறுக மூடினேன். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் பழசு நல்லாப் பழகிப்போச்சு. அதான்" என்றார் கடைசியில். அதை எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ஆட்டோ கிளம்பியது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குழாயில் மெட்டு ஆரம்பித்ததுமே வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். தேர்தல் இல்லாத நாளில் பாட்டு வருகிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம். புது வார்த்தைகளை யாரும் கேட்கவே இல்லை. அவர் "கதவை மெல்ல" என்று பாடும்போது தெருவே "பஸ் ஸ்டாப்பு மெத்தையில" என்று பாடியது. பிள்ளைகள் ஆட்டோவுக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு நின்று கொட்டாவி விட்டார். புண்ணாக்குக் கடைக்காரர் வீட்டுக்கு முன்னால் வந்தபோது கூட்டம் கூடிப்போயிருந்தது. கதவு முன்பே சாத்தியிருந்தது. ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை. ஒரு பலகையை இழுத்துச் சாத்தியது, பிறகு இன்னொரு பலகையை.

அவர் மைக்கை அணைத்தார். அணைத்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. தெரு அதைக் கடைசிவரை பாடி, அந்த இடத்தில் ஒன்றாகக் கொட்டாவி விட்டு, கைதட்டியது. வாசலில் புண்ணாக்குக் கடைக்காரர் நின்றிருந்தார். இவரைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்டார். போதுமுங்க என்பதுபோல.

அதற்குப்பின் அவர் எழவுக்கு மட்டும்தான் குழாய் கட்டினார். செய்தி சொல்வார், பேர் சொல்வார், எடுக்கும் நேரம் சொல்வார். பாட்டுக்கு அவர் உதடு அசையவில்லை. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே புளியே போடாமல், வெறும் வெந்நீரில் மிளகைத் தட்டிப்போட்டு ரசம் என்று கொடுத்தனுப்பினாள். டிவியை வேறு சத்தமாக வைத்துவிட்டுச் சுவரருகே காத்திருந்தாள். அவர் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டுவந்து வைத்தார்.

"நல்லாருக்குது அம்மணி" என்றார்.

அம்மா டிவியை நிறுத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் விசாரிப்பேன். புண்ணாக்குக் கடைக்காரர்தான் இப்போதும் அடுத்த தெருவிலிருந்து தண்ணீர் சுமக்கிறார். சில நாள் இல்லை, தினமும் பஸ் ஸ்டாப்பில்தான் படுக்கிறார். காற்று வருகிறது என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை. ரேடியோக்காரர் ஆட்டோவைக் கொடுத்துவிட்டுக் கொடுமுடி மகள் வீட்டோடு போய்விட்டதாகப் போன முறை அம்மா சொன்னாள்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், ஒரு மத்தியானம், உடுமலையிலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில். பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டார். டிரைவர் பழைய பாட்டுகளை ஓடவிட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் நான் அவர் உதட்டைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. தோப்புகள் தொடங்குகிற இடத்தில் அந்தத் தாலாட்டின் வாத்திய இசை ஆரம்பித்தது. பாடகி வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து பெல் கயிற்றை இழுத்துவிட்டார்.

"உங்க ஊரு இன்னும் வரலைங்க" என்றார் கண்டக்டர்.

"பரவால்லைங்க."

நானும் இறங்கினேன். பஸ் பாட்டோடு போய்விட்டது. இரண்டு பக்கமும் தென்னை. வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"கண்ணு, அந்தப் பாட்டுக்கு நெச வார்த்தை என்ன? படத்துல வாரது. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

யோசித்தேன். சின்ன வயதில் அம்மா பாடிக் கேட்ட பாட்டுத்தான். ஆராரோ என்று மெதுவாகத் தொடங்கினேன். அதற்கு மேல் வந்தது பஸ் ஸ்டாப்பும் மெத்தையும்தான். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதுதான் வந்தது.

"எனக்கும் அதேதான்" என்றார்.

நான் போனை எடுத்தேன். "தேடினாக் கெடைச்சுருமுங்ணா. இருங்க."

அவர் என் கையைப் பிடித்துப் போனைத் தாழ்த்தினார். "போன்ல இருக்கும் கண்ணு. அந்த அம்மணி வாயில இருக்குமா?"

ஊர் வந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது அவர் சிமெண்டு பெஞ்சில் மடித்து வைத்திருந்த பாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறி நடந்தார்.